ஸ்வெட்டருக்குள் ஒரு தேள்

புஷ்பவல்லி சொன்னது முழுப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவள் மகள் உமாராணி டிராயிங் டீச்சராக வேலை பார்த்தது உண்மைதான். குன்னூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில், ஆறு வருஷத்துக்கு முன்னால், சரியாக நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தைத்தான் போன செவ்வாய்க்கிழமை கோயிலில் வைத்து, பிக்கட்டி ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கிற பாலனின் மனைவி சசிரேகாவிடம், இன்றைய தேதிவரை இழுத்து நீட்டிவிட்டாள்.

"பொண்ணு ஸ்கூல்ல டிராயிங் டீச்சருங்க" என்றதும் சசிரேகாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அங்கேயே ஜாதகம் கைமாறியது. பையன் ஜீவா கோயமுத்தூரில் பம்ப்செட் கம்பெனியில் இன்ஜினியர். பத்துக்கு எட்டுப் பொருத்தம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

அதோடு விட்டாளா என்றால், அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து மகளிடமும் ஒன்று சொன்னாள். உமாராணி போட்டிருந்தது ஒரே ஒரு கண்டிஷன். வர்றவங்க வரட்டும், பார்க்கட்டும், ஆனால் நான் டாட்டூ போடுகிறவள் என்று தெரிந்துதான் வர வேண்டும். "எல்லாம் பேசிட்டேன் கண்ணு, அவங்க ஒண்ணும் சொல்லல" என்று புஷ்பவல்லி சாம்பாரைக் கிளறிக்கொண்டே சொல்லிவிட்டாள். உமாராணியும் நம்பிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டு விவரம் வைத்த கவரை இன்னும் பிரிக்கக்கூட இல்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நடுவில் மிச்சம் ஒரே ஒரு சனிக்கிழமை. அதற்குள் குன்னூர் பெட்போர்டில் ஒரு பேக்கரி மாடியில் தொங்கும் 'நீலமை டாட்டூ' என்கிற போர்டு கீழே இறங்கியாக வேண்டும். நிச்சயம் முடிகிறவரை ஒரு மாதம் கடையைச் சாத்தி வைத்தால் போதும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது புஷ்பவல்லியின் கணக்கு. கணவர் கந்தப்பனிடம் உதவி கேட்டுப் பார்த்தாள். ஃபேக்டரியில் இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கிற மனிதர், மப்ளரைச் சுற்றிக்கொண்டே, நீ சொன்ன பொய்யை நீயே போய் இறக்கு என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆகவே காலை ஒன்பதரைக்கு அருவங்காட்டில் பஸ் ஏறினாள்.

கடை திறந்து மூன்று வருஷம். ஒரு நாள்கூட அந்த மாடிப்படியை அவள் மிதித்தது கிடையாது. வீம்பு. ஆனால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கழுத்தை ஒடித்துக்கொண்டு அந்த ஜன்னலைப் பார்ப்பாள். உள்ளே என்னதான் நடக்கிறது, யார்தான் வருகிறார்கள், இந்தப் பெண் அவர்கள் தோளையும் முதுகையும் தொட்டு என்னதான் செய்கிறாள் என்று மண்டை குடையும். யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

கதவு திறந்திருந்தது. ஆள் இல்லை. மண்டை ஓட்டுப் படமும் சிகரெட் புகையும் தாடிக்காரப் பையன்களுமாக ஒரு குகையை எதிர்பார்த்து வந்தவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பல் டாக்டர் ரூம் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் லைட், மூலையில் ஹீட்டர். கீழே பேக்கரியிலிருந்து வர்க்கி வேகிற வாசனை.

ஆனால் நாற்காலிக் கை, லைட்டின் பிடி, மேஜை, பேனா மாதிரி ஒரு மெஷின், அதன் ஒயர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி வைத்திருந்தது. சாமான் வாங்கி மூன்று வருஷமாகியும் கவர் பிரிக்காத சோம்பேறிப் பெண் என்று புஷ்பவல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டில் குடித்த டம்ளரைக் கழுவி வைக்காதவள் வேறு எப்படி இருப்பாள்? ஹேண்ட்பேக்கை வைத்துவிட்டு வேலையில் இறங்கினாள். பிளாஸ்டிக்கை எல்லாம் உரித்துச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். முந்தானையால் மெஷினைத் துடைத்தாள். மை பாட்டில்களைக் கறுப்பு, பச்சை, சிவப்பு என்று வரிசைப்படுத்தினாள். இரண்டு ஊசிப் பாக்கெட்டைப் பிரித்து, ஊசிகளை அழகாக ஒரு தட்டில் அடுக்கி வைத்தாள்.

பால் பாக்கெட்டோடு படியேறி வந்த உமாராணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கத்தவில்லை. அதுதான் புஷ்பவல்லிக்கு ஆச்சரியம். நாற்பது நிமிஷமாகத் தயார் பண்ணி வைத்ததம்மா என்று மட்டும் சொன்னாள். ஊசி ஏறினால் ரத்தம் கசியும். ஒருத்தர் ரத்தம் பட்ட இடம் அடுத்தவர் மேல் படவே கூடாது. அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் புதுசாகச் சுற்றணும், அவர் போனதும் உரித்து எறியணும், ஊசியை அவர் கண் முன்னால்தான் பிரிக்கணும். சொல்லிக்கொண்டே இரண்டு ஊசியையும் தூக்கித் தனி டப்பாவில் போட்டாள். அம்மா தொட்டதையெல்லாம் மருந்து போட்டு மறுபடி துடைத்தாள்.

"என் கை என்ன சாக்கடையா?"

"உன் கை, என் கை, யாரு கையா இருந்தாலும் அப்பிடித்தாம்மா."

பதினொரு மணிக்கு ஆள் வருகிறது, எதுவானாலும் அப்புறம் பேசிக்கொள்ளலாம், நீ உள்ளே உட்கார், தயவுபண்ணி எதையும் தொடாதே என்று திரைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்கு அம்மாவை அனுப்பினாள். ஒரு ஸ்டூல், ஒரு கெட்டில், நாலு டம்ளர். வெளியே போக வேண்டுமென்றால் முன்அறை வழியாகத்தான் போக வேண்டும். போர்டு விஷயத்தை வாயைத் திறந்து சொல்லவே முடியாமல் புஷ்பவல்லி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

படியில் செருப்புச் சத்தம். மூச்சிரைப்பு. அப்புறம் ஒரு குரல். "ஏனுங்க, போன்ல பேசினனே, சசிங்க."

புஷ்பவல்லி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். திரை இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்தாள். சந்தேகமே இல்லை. அதே மெரூன் ஸ்வெட்டர், அதே மூக்குத்தி. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியாக வர வேண்டியவள் வெள்ளிக்கிழமையே வாடிக்கையாக வந்து நிற்கிறாள்.

உமாராணி முகமூடியும் தொப்பியும் போட்டிருந்தாள். ஜாதகத்தோடு சசிரேகாவிடம் போன மகளின் போட்டோ யார் வீட்டுக் கல்யாணத்திலோ பட்டுப்புடவையும் முழங்கை நீளப் பூவுமாக எடுத்தது. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தெய்வமே, அந்த முகமூடி அப்படியே இருக்கட்டும் என்று புஷ்பவல்லி வேண்டிக்கொண்டாள்.

சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, காயம் பட்டால் சீக்கிரம் ஆறுமா என்றெல்லாம் கேட்டு ஒரு ஃபாரத்தில் எழுதினாள் உமாராணி. பிறகு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"தேளு."

உள்ளே புஷ்பவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சசிரேகா கூச்சப்படாமல் காரணம் சொன்னாள். வயது ஐம்பத்தொன்று. வீட்டுக்காரருக்குப் பயந்தாகிவிட்டது, மாமியாருக்குப் பயந்தாகிவிட்டது, இப்போது பையனுக்கும் பயந்தாகிறது. "எங்க ஊட்டுல என்னையக் கண்டு பயப்படறதுக்கு ஒரு பூனைகூட இல்லீங்க. எனக்குன்னு ஒரு தேளு இருந்துட்டுப் போகட்டும். ஸ்வெட்டருக்குள்ள யாருக்குத் தெரியப் போகுது?" கண்ணாடி மாற்ற டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இந்த மலையில் வருஷம் பூராவும் ஸ்வெட்டர்தான். உள்ளே தேள் இல்லை, யானையே இருந்தாலும் வெளியே தெரியாது.

உமாராணி சிரித்துவிட்டாள். ஆனால் உடனே ஊசியை எடுக்கவில்லை. சூடாக ஒரு டம்ளர் டீ கொடுத்து, ஹீட்டர் பக்கத்தில் கால்மணி நேரம் உட்கார வைத்தாள். பஸ்ஸில் குளிரில் வந்த தோல் புல்லரித்துக் கிடக்கும், நடுங்கும், கோடு ஆடிவிடும், தோல் சூடாகாமல் நான் தொடுவதில்லை என்றாள். கோயமுத்தூரில் வேலை கற்றுக்கொண்டபோது இந்தத் தொல்லை இல்லை, இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன் என்றும் சொன்னாள். அங்கே ஆறு மாதம் ரப்பர் தோலிலும் ஆரஞ்சுப் பழத்திலும்தான் கோடு போட விட்டார்களாம். முதன்முதலில் மனிதத் தோலில் போட்டது தன் தொடையிலேயேதானாம். அப்போது ஒரு வாரம் மகள் நொண்டிக்கொண்டு வந்ததும், பஸ்ஸில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னதும் புஷ்பவல்லிக்கு இப்போதுதான் விளங்கியது.

சசிரேகா ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள். மெஷின் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது.

சசிரேகாவுக்கு வலியைவிட கேள்விகள்தான் அதிகம். மை எப்படி உள்ளேயே நிற்கிறது என்று கேட்டாள். திரைக்குப் பின்னால் புஷ்பவல்லியும் காதைத் தீட்டிக்கொண்டாள், மூன்று வருஷமாக அவளுக்கும் அதுதானே தெரிய வேண்டும். மேல்தோல் தானாக உரிந்துகொண்டே இருக்கும், அதற்கு அடுத்த தோலில் போய் மை உட்கார வேண்டும் என்றாள் உமாராணி. ஆழம் குறைந்தால் அழிந்துவிடும், கூடினால் ரத்தம் வந்து மை கலங்கிப் பரவிவிடும். அந்த அளவு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

யார் யார் வருவார்கள் என்று அடுத்த கேள்வி. மசினகுடி ரிசார்ட்டில் தங்கிவிட்டு வருகிறவர்கள் புலி கேட்பார்களாம், அதுவும் ஜீப்பில் போய்ப் புலியைப் பார்க்காமல் திரும்பினவர்கள்தான் கட்டாயமாகக் கேட்பார்களாம். காதலி பெயர் வேண்டும் என்று வந்தால் ஒரு வருஷம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிடுவாளாம்.

"பாதிப் பேரு வர்றதே இல்லீங்க. பட்டாளத்துக்கு ஓட்டம் ஓடிப் பழகற பசங்கன்னா தொடவே மாட்டேன். அங்க டாட்டூவுக்கு ரூல்ஸ் இருக்குது. என் கோட்டால ஒருத்தன் வேலை போகக் கூடாது."

வர்ற வருமானத்தைத் திருப்பி அனுப்புவாயா என்று சசிரேகா ஆச்சரியப்பட்டாள். உமாராணி கோட்டைத் துடைத்துவிட்டு, வேண்டாம்னு சொல்றதும் இந்த வேலையில பாதி என்றாள்.

புஷ்பவல்லி ஸ்டூலில் உட்காருவதை எப்போதோ விட்டுவிட்டாள். நின்றுகொண்டு, திரையைக் கையால் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்கிறாள். ஒரு கோடு போடுகிறாள், துடைக்கிறாள், மூச்சை விடுகிறாள். அந்த அம்மாவின் முகம் சுளிக்கும் முன்பே கையை எடுக்கிறாள். இந்தப் பொறுமை இவளுக்கு எங்கிருந்து வந்தது? தேளின் முன்கால் இரண்டும் உருவாகி வருவதைப் பார்க்கப் பார்க்க, எதற்கு வந்தோம் என்பதே புஷ்பவல்லிக்கு மறந்துவிட்டது.

அப்போதுதான் சசிரேகா ஊர்க்கதையை ஆரம்பித்தாள். "இத சீக்கிரம் ஆறற மாதிரி போட்டு உடு அம்மிணி. ஞாயித்துக்கெழம எம்பையனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். அருவங்காட்டுல. பொண்ணோட அப்பா ஃபேக்டரில இருக்காரு, கந்தப்பன்னு."

மெஷின் நின்றது.

பெட்போர்டு ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பொண்ணு என்ன பண்ணுதுங்க?" உமாராணியின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"டிராயிங் டீச்சருங்க. அவங்கம்மாவே சொன்னாங்க, கோயில்ல வச்சு."

உமாராணி தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள்தான் தெரிந்தன. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியைப் புஷ்பவல்லியால் தாங்க முடியவில்லை. பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்த அன்றுகூட மகள் அப்படிப் பார்த்ததில்லை. அவமானமாக இருந்தது. மகள் ஓடி வந்து நாலு கேள்வி கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மெஷின் மறுபடி ஓடியது. ஒரு கோடு முடிந்ததும் உமாராணி கேட்டாள். "ஏனுங்க, டீச்சரா இல்லாம, என்னைய மாதிரி டாட்டூ போடற பொண்ணா இருந்தா எடுப்பீங்களா?"

சசிரேகா முதலில் சிரித்தாள். பிறகு, கேட்ட பெண்ணின் மனசு நோகக் கூடாதே என்று குரலைத் தணித்துக்கொண்டாள். "உன்னையச் சொல்லல அம்மிணி. நீ தங்கமான புள்ளயாத்தான் இருக்கற. ஆனா நல்ல குடும்பத்துல யாரு பொண்ண இந்த வேலைக்கு உடுவாங்க?"

"சரிங்க. கைய ஆட்டாதீங்க" என்றாள் உமாராணி.

அவ்வளவுதான். குனிந்து அடுத்த கோட்டைப் போட்டாள். கோடு ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை.

அந்தக் கேள்வியைப் புஷ்பவல்லியும் மனசுக்குள் ஆயிரம் தடவை கேட்டவள்தான். ஆனால் இன்னொருத்தி, இவளிடமே கையை நீட்டிக்கொண்டு, இவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, இவள் முகத்துக்கு நேராக அதைக் கேட்கும்போது உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் சசிரேகா மேலா, தன் மேலேயா என்று பிரித்துப் பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை. சம்பந்தம் போனால் போகட்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. திரையை விலக்கிவிட்டாள்.

"நான் உட்டிருக்கேனுங்க."

சசிரேகா ஆளைப் பார்த்தாள், அடையாளம் கண்டாள், துள்ளி எழப் பார்த்தாள். உமாராணி சட்டென்று ஊசியை எடுத்துக்கொண்டு மறு கையால் அவள் தோளை அமுக்கினாள். எழுந்து ஓடவும் வழியில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்வெட்டரை இழுத்துத் தேளை மூடப் போனாள். பச்சைப் புண், கம்பளி ஒட்டக் கூடாது என்று உமாராணி அதையும் வாங்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டாள். சசிரேகா திறந்த கையோடு உட்கார்ந்திருந்தாள்.

புஷ்பவல்லி ஒன்றையும் மறைக்கவில்லை. "இவதானுங்க உமாராணி. டீச்சர்னு சொன்னது நான். இவகிட்ட வந்து, உங்களுக்கு எல்லாம் சொல்லிட்டேன்னு சொன்னதும் நான். ரெண்டு பக்கமும் பொய்யி. தப்பு பூராவும் என்னுதுங்க, இவளுக்கு ஒண்ணும் தெரியாது. இன்னைக்குக் கூட போர்டை எறக்கச் சொல்லத்தான் வந்தேன்." மகள் பக்கம் திரும்பி, "இனிமே எறக்கச் சொல்ல மாட்டேன் கண்ணு" என்றாள்.

உமாராணி முகமூடியைக் கீழே இறக்கினாள். சசிரேகா அந்த முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாகப் பார்த்தாள். பெண் பார்க்கும் படலம் ஒன்று நடந்ததென்றால் அது அப்போது நடந்ததுதான். பூ இல்லை, பஜ்ஜி இல்லை, பார்க்க வந்தவள் கையில் பாதித் தேள்.

கோபமா என்று புஷ்பவல்லி கேட்டாள். கோபம்தான் என்று சசிரேகா ஒத்துக்கொண்டாள். கோயிலில் வைத்துச் சொன்னீர்களே, அதை நம்பி ஊரெல்லாம் டீச்சர் டீச்சர் என்று சொல்லி வைத்திருக்கிறேனே என்றாள். சொல்லிவிட்டுத் தன் கையைத் தானே ஒருதரம் பார்த்தாள். வீட்டில் சொல்லிவிட்டு வந்த கண் டாக்டர் பொய் ஞாபகம் வந்ததோ என்னவோ, மேற்கொண்டு திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

மீதியை இன்னொரு நாள் போட்டுக்கொள்கிறீர்களா, இன்றைக்கு வேண்டாம் என்றால் கட்டுப் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று உமாராணி கேட்டாள்.

"வாலில்லாம நண்டாட்ட இருக்குது. இத வச்சுட்டு நான் என்ன பண்றது? போடு."

முகமூடியைத் தொட்ட கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினாள் உமாராணி. புஷ்பவல்லி இந்தத் தடவை எதையும் தொடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு மகள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். உள்ளே போ என்று யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்க நாக்கு துடித்தது, பயமாகவும் இருந்தது.

உமாராணியே பேச்சை எடுத்தாள். "ஞாயித்துக்கெழம நீங்க வரலைன்னாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேனுங்க. வர்றதுன்னா, ஊட்டுல எல்லார்கிட்டயும் என் வேலையச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம வர்றதா இருந்தா வேண்டாங்க."

யோசிக்க யோசிக்கச் சசிரேகாவின் முகத்தில் கோபம் போய்க் கலவரம் ஏறியது.

"சொன்னா, அவரு சும்மா உடுவாரா அம்மிணி? உனக்கெப்பிடித் தெரியும்னு கேப்பாரு. எங்க பாத்த, எதுக்கு அங்க போனன்னு கேப்பாரு" என்றாள். வால் முளைத்துக்கொண்டிருந்த தேளையும் உமாராணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "உன் வேலையச் சொல்லோணும்னா, நான் ஸ்வெட்டரக் கழட்டிட்டுத்தான் சொல்லோணும்."